ஏற்காட்டில் கொலை, சேலத்தில் வழக்கு: ஒரு கோர்ட் த்ரில்லர் எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

கோர்ட் த்ரில்லர் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வக்கீல் மேஜையைத் தட்டி ஒரு கேள்வி கேட்பார், சாட்சிக் கூண்டில் நிற்கும் உண்மையான கொலையாளி உடைந்து அழுவான், நீதிபதி சுத்தியலால் தட்டி "ஆர்டர் ஆர்டர்" என்பார். நம் ஊர் நீதிபதிகளிடம் சுத்தியலே கிடையாது. சாட்சி கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்வதும் கிடையாது. 1969-ம் வருட உறுதிமொழிச் சட்டப்படி வாயால் சொன்னால் போதும். சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் "மை லார்ட்" என்று யாராவது ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கும் ஜூனியருக்கே சிரிப்பு வந்துவிடும், அங்கே "யுவர் ஆனர்" அல்லது "ஐயா"தான்.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் த்ரில் எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். காகிதத்தில் இருக்கும். எந்தக் காகிதம் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, எத்தனை மணிக்குக் கோர்ட்டுக்கு வந்தது, நடுவில் அது யார் கையில் இருந்தது என்பதில் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி சொல்லும் வரிசை வேறு: முதலில் கேஸ் கட்டைத் தயார் செய்யுங்கள், கதையை அப்புறம் எழுதுங்கள்.

படி 1: எந்த வருடம் என்று முடிவு செய்யுங்கள்

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. அன்றோ அதற்குப் பிறகோ நடந்தது என்றால் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103. கொலை நடந்த தேதிதான் கணக்கு, விசாரணை நடக்கும் தேதி இல்லை. அதனால் இன்றைக்கு நடக்கும் ஒரு விசாரணையில் "302" என்ற எண் ஒலிப்பதில் தப்பே இல்லை. சம்பவம் 2023-ல் நடந்தது என்று மட்டும் எங்காவது ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கீழே நான் புதுச் சட்டத்தின் எண்களைச் சொல்கிறேன்.

பாரிஸ்டர்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சுதந்திரத்துக்கு முன்னால் போய்விடுங்கள், சேலத்துக்கு அந்தச் சரித்திரமும் இருக்கிறது. 1882-ல் நடந்த சேலம் கலவரத்தைத் தூண்டியதாக சி. விஜயராகவாச்சாரியாருக்கு 10 வருடத் தண்டனை விழுந்தது. அதை எதிர்த்து, பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் துணையோடு அவர் நிரபராதி என்று வெளியே வந்தார். ராஜாஜி 1900 வாக்கில் வக்கீல் தொழிலைத் தொடங்கியதும் இதே ஊரில்தான். பழைய காலம் என்றால் ஜூரியும் கிடைக்கும், அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழு. 1944-ல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சென்னையில் ஜூரி முன்னால்தான் நின்றார்கள், லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல்தான் விடுதலை. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. இன்றைய கதையில் 12 பேரை உட்கார வைத்தீர்கள் என்றால் மேலே படிக்க வேண்டிய அவசியமே வாசகனுக்கு இல்லை.

படி 2: கொலையை மலையிலும் கோர்ட்டைக் கீழேயும் வையுங்கள்

ஏற்காடு என்றதும் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி என்று சுற்றுலாக் கையேடு மாதிரி எழுதத் தோன்றும். வியூ பாயிண்டில் இருந்து தள்ளிவிடுவது ரொம்பச் சுலபமான கொலை, தயவுசெய்து வேண்டாம். காபி எஸ்டேட்டுக்குள் போங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் இருக்கும், பழம் காய வைக்கும் களம் இருக்கும், பழம் பறிக்கும் மாதங்களில் காலைப் பனி இறங்கிவிட்டால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. எஸ்டேட் பக்கம் காட்டெருமை நடமாட்டமும் உண்டு என்பதால், காயம் மாடு முட்டியதா, ஆள் வெட்டியதா என்ற குழப்பத்தை ஒரு அத்தியாயம் வரை இழுக்கலாம். மலையில் தலைமுறையாக வாழும் மலையாளி பழங்குடியினரைக் கதையில் கொண்டுவந்தால் அவர்களை மர்மம் கூட்டும் பின்னணியாக மட்டும் வைக்காதீர்கள். ஊர் விஷயம் அவர்களுக்குத் தெரியும், கோர்ட்டில் அவர்களை யாரும் சரியாகக் கேட்பதில்லை. அதுவே ஒரு நல்ல இழை.

இந்த மலை உங்களுக்குத் தருகிற பெரிய பரிசு பாதைதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் வழி ஒன்று, குப்பனூர் வழியாக இறங்குவது இன்னொன்று. சேலத்துக்கு 30 கிலோமீட்டர் சொச்சம். ஒரு எஃப்.ஐ.ஆர்., ஒரு பிணம், ஒரு சாட்சி எல்லாமே இந்த இரண்டில் ஏதோ ஒரு பாதையில்தான் கீழே வந்தாக வேண்டும். போலீஸ் விஷயத்திலும் கவனம்: சேலம் மாநகரத்துக்குக் கமிஷனர், ஏற்காடு ஸ்டேஷன் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். மலைக் கொலையை கமிஷனர் நேரில் வந்து விசாரித்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: கேஸ் கட்டைத் தயாரியுங்கள்

இதற்குத்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். விளக்குவதற்கு ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் காபிக் களத்தின் ஓரமாகச் செத்துக் கிடக்கிறார். விடியற்காலையில் களம் கூட்ட வந்த அம்மா பார்க்கிறார். முந்தின நாள் கூலிப் பாக்கி கேட்டுச் சண்டை போட்ட கவாத்து வேலைக்காரன் (காபிச் செடியின் கிளைகளை வெட்டிவிடுபவன்) மேல் சந்தேகம். அவன்தான் ஏ1, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன்.

எஃப்.ஐ.ஆரை நீங்களே முழுதாக எழுதுங்கள். புகார் கொடுத்தவர் யார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் பதிவானது. அதன் ஒரு பிரதி மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமில்லாமல் போக வேண்டும், அவர் வாங்கிய தேதியையும் நேரத்தையும் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவார். தமிழ்நாட்டில் கொலை வழக்கு நடத்தும் எந்த வக்கீலும் கட்டைப் பிரித்ததும் முதலில் தேடும் இடம் அதுதான். நம் வழக்கில் காலை 7.30-க்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கையில் இரவு 9.40-க்குக் கிடைக்கிறது என்று வைப்போம். நடுவில் 14 மணி நேரம் என்ன நடந்தது? முதலில் எழுதிய புகாரில் ஏ1 பெயரே இல்லையா? பிரேதத்தைப் பார்த்து, நாலு பேரிடம் பேசி, பெயர் முடிவான பிறகு சாவகாசமாக எழுதப்பட்டதா?

இங்கேயே ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் இருந்தால் கோர்ட் ஏற்றுக்கொள்ளும், தாமதம் என்ற ஒன்றுக்காகவே வழக்கு விழுந்துவிடாது. அதனால் அரசுத் தரப்புக்கு ஒரு நல்ல பதிலைக் கொடுங்கள்: மழையில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. வக்கீல் பிணவறைப் பதிவேட்டைப் பார்க்கிறார், பிரேதம் காலை 11.30-க்கே சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. பிரேதம் வந்த பாதையில் கான்ஸ்டபிள் ஏன் வரவில்லை? அரசு வக்கீலான பி.பி. எழுந்து, ஆம்புலன்ஸ் குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தது என்கிறார். அப்படியானால் ஆம்புலன்ஸின் கிலோமீட்டர் கணக்கு என்ன சொல்கிறது? பாருங்கள், இரண்டு பாதையையும் இரண்டு பதிவேட்டையும் வைத்தே மூன்று அத்தியாயம் வந்துவிட்டது, யாரும் யாரையும் துரத்தவில்லை.

அடுத்து மகஜரும் (சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும். களம், லைன் வீடு, காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் கொட்டகை, மின்கம்பம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மின்கம்பத்தில் விளக்கு இருந்ததா என்பதை மகஜரில் எழுதாமல் விட்டிருக்கட்டும். பின்னால் உதவும்.

அப்புறம் வி.ஏ.ஓ. நம் ஊர் கொலை வழக்குகளுக்கே உரிய பாத்திரம் இவர். முன்பின் பழக்கமே இல்லாத கிராம நிர்வாக அலுவலரிடம் குற்றவாளி தானே தேடிப்போய் "நான்தான் செஞ்சேன்" என்று வாக்குமூலம் கொடுப்பான், அவர் அதை எழுதி ஆளையும் சேர்த்து ஸ்டேஷனில் ஒப்படைப்பார். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பதால் இந்தச் சுற்றுவழி. அறிமுகமே இல்லாதவரிடம் ஒருவன் ஏன் மனம் திறக்க வேண்டும் என்ற கேள்வி கோர்ட்டுகளுக்கும் உண்டு, சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. உங்கள் வி.ஏ.ஓ.வை வில்லனாக்க வேண்டாம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் பயந்த மனிதர், கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். அவரைக் கூண்டில் ஏற்றும்போது வாசகனுக்கே கொஞ்சம் பாவமாக இருக்கட்டும்.

கடைசியாக ஆயுதம். ஏ1 சொன்னதை வைத்துக் கவாத்துக் கத்தியை எடுத்ததாக ஒரு மகஜர். புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 23-ன்படி, போலீஸிடம் சொன்னதில் பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும்தான் சாட்சியமாகும். "கத்தியைப் புதருக்குள் போட்டேன், காட்டுகிறேன்" என்பது உள்ளே வரலாம். "அந்தக் கத்தியால்தான் வெட்டினேன்" என்பது வராது. 1946-ல் புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது, இன்னும் அழியவில்லை. கத்தி பறிமுதல் ஆன தேதிக்கும் அது கோர்ட்டுக்கு வந்த தேதிக்கும் நடுவில் சில நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வக்கீலுக்கு ஒரு வாழ்க்கை கொடுங்கள்

பெரிய ஹீரோ வேண்டாம். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் தினமும் நிற்கிற, செக் மோசடி வழக்கில் வரும் ஃபீஸில் ஆபீஸ் வாடகை கட்டுகிற ஒரு வக்கீல் போதும். மத்திய சிறையும் அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறது, கட்சிக்காரனைப் பார்க்க அலைய வேண்டியதில்லை. ஏ1-க்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அரசுச் செலவில் கோர்ட்டே நியமிக்கும். இலவச சட்ட உதவியில் வந்த வழக்கு என்று வைத்தால் முதல் அத்தியாயத்தின் பாதி வேலை முடிந்தது. அவருடைய குமாஸ்தாவை மறக்காதீர்கள். எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது, நகல் மனு போட்டால் எப்போது கிடைக்கும் என்பது குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

ஊர் எதிர்ப்பு வேண்டுமா? செத்தவர் செல்வாக்கானவர், ஏ1 பையனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கத்தில் தீர்மானம் போடுகிறார்கள் என்று வையுங்கள். அப்படிப்பட்ட தீர்மானம் செல்லாது என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில் இருந்து போன முகமது ரஃபி வழக்கில். சட்டம் பக்கத்தில் நின்றாலும் காலையில் கேன்டீனில் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதது எப்படி இருக்கும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

படி 5: கட்சிக்காரன் என்ன சொன்னான்

கட்சிக்காரன் வக்கீலிடம் சொன்னதை அவன் சம்மதமில்லாமல் அவர் வெளியே சொல்ல முடியாது, சாட்சிய அதினியம் 132. அவன் "ஆமாங்கய்யா, நான்தான்" என்றாலும் அவனுக்காக வாதாடலாம், வாதாட வேண்டும். பொய் என்று தெரிந்த சாட்சியை ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அதிகம் பிடித்தது, அவன் ஒன்றுமே சொல்லாத வகை. பையன் வாயைத் திறக்க மாட்டான், அவன் அம்மா மட்டும் மலையிலிருந்து பஸ் ஏறி வந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வராந்தாவில் உட்கார்ந்து "எம்பையன் அப்புடிப்பட்டவன் இல்லீங்க சாமி" என்று மட்டும் சொல்வார். எதை மறைக்கிறான், யாருக்காக மறைக்கிறான் என்பது வக்கீலுக்கும் வாசகனுக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தால் நல்லது.

படி 6: 90 நாள் கடிகாரம்

கைதாகி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், அப்புறம் ரிமாண்ட். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்: 91-வது நாள் காலை வக்கீல் மனுவோடு நிற்பதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விட்டது. கோர்ட் திறக்கும் நேரம், கவுன்டரில் இரண்டு பேர், யார் காகிதம் முதலில் உள்ளே போகிறது. துப்பாக்கிச் சண்டையை விட இது எனக்குப் பதட்டம். ஜாமீன் கிடைத்தாலும் நிபந்தனை வரும், வேறு ஊரில் தங்கித் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லலாம். கூலிக்காரனுக்கு அதற்கு ஏது காசு?

குற்றப்பத்திரிகைக்குப் பிறகு மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸுக்கு அனுப்புவது, விடுவிக்கக் கோரும் மனு, குற்றச்சாட்டு வனைவது எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுங்கள்.

படி 7: குறுக்கு விசாரணை

கூண்டில் நடப்பதை அப்படியே வசனமாக எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும். நம் கோர்ட்டில் சாட்சி சொல்வது நின்று நிதானமாகத் தட்டச்சு ஆகும், வக்கீலின் கேள்வியும் சாட்சியின் பதிலும் ஒரே வாக்கியமாக மாறிப் பதிவாகும். அந்த மொழியைக் கதைக்குள் கொண்டுவாருங்கள், அதற்கென்று ஒரு அழுத்தம் இருக்கிறது:

"சம்பவத்தன்று காலை பனி மூட்டமாக இருந்தது என்று சொன்னால் சரிதான். பத்தடிக்கு அப்பால் ஆள் அடையாளம் தெரியாது என்று சொன்னால் சரிதான். நான் எதிரியைப் பார்க்கவில்லை என்றும் போலீஸ் சொல்லிக்கொடுத்துச் சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல."

எதிரி என்பது இங்கே ஏ1. களம் கூட்டும் அம்மாவின் வாயிலிருந்து இரண்டு "சரிதான்" வாங்கியபின் வரும் அந்த "சரியல்ல" எவ்வளவு பலவீனமாக ஒலிக்கிறது, கவனித்தீர்களா?

இப்போது மொத்தக் கதைக்கும் அச்சாணியான விஷயம். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, அதைத் தனிச் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. கோர்ட்டில் சொல்வதற்கு அது முரணாக இருக்கிறது என்று காட்ட மட்டும் எதிர்த்தரப்பு, அதாவது ஏ1-இன் வக்கீல், பயன்படுத்தலாம். அதற்கு இரண்டு கட்டம் உண்டு. களம் கூட்டும் அம்மா "கத்தியோட ஓடுறதைப் பார்த்தேன்" என்கிறார். வக்கீல் கேட்கிறார்: "கத்தி வெச்சிருந்தான்னு போலீஸ் விசாரிச்சப்போ சொன்னீங்களாம்மா?" "சொன்னேங்க." வக்கீல் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார். வாசகனுக்கு ஏமாற்றம். பல மாதம் கழித்துப் புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறும்போது அதே வக்கீல் அதே வரியைக் கேட்கிறார், அதிகாரி தான் எழுதிய வாக்குமூலத்தைப் பார்த்து "அந்தச் சாட்சி என்னிடம் அப்படிச் சொல்லவில்லை" என்றாக வேண்டும். நடுவில் இந்த அம்மாவை வாசகன் மறந்துபோகும் அளவுக்கு வேறு விஷயங்களை வையுங்கள்.

பிறழ் சாட்சி, அதாவது தன் தரப்புக்கு எதிராகவே மாற்றிச் சொல்லும் சாட்சி, எல்லோருக்கும் தெரிந்த திருப்பம்தான், ஆனால் காரணம் சொல்லாமல் பிறழ விடாதீர்கள். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், வேலை எஸ்டேட் கொடுப்பது, பிள்ளைக்குப் படிப்புக் கடன் கொடுத்ததும் முதலாளி. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் கூண்டில் உண்மை பேசுகிறார் என்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும். பிறழ்ந்த சாட்சியின் சாட்சியம் முழுக்கக் குப்பைக்குப் போய்விடாது, நம்பத் தகுந்த பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 8: டாக்டரும் செல்போனும்

செத்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லும் டாக்டரை எழுதாதீர்கள், அப்படி யாராலும் சொல்ல முடியாது. உடல் விறைப்பு வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் தளரும், குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். மலைப் பனியில் இரவெல்லாம் கிடந்த உடலைச் சேலத்துச் சூட்டில் பரிசோதித்து ஒரு நேரம் சொன்னால், எந்தக் குளிரைக் கணக்கில் எடுத்தீர்கள் என்று வக்கீல் கேட்கலாம். இந்த ஒரு கேள்வியில் ஏ1 வேறு இடத்தில் இருந்த மூன்று மணி நேரம் உள்ளே வரும் அல்லது வெளியே போகும்.

புதுச் சட்டப்படி ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து சேகரித்து வீடியோ எடுக்க வேண்டும். இதை ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்கும் தேதியிலிருந்து, ஐந்து வருடத்துக்குள் கொண்டுவர அவகாசம் தரப்பட்டிருக்கிறது என்பதால் உங்கள் கதை நடக்கும் மாதத்தைப் பார்த்து எழுதுங்கள். சி.சி.டி.வி. பதிவின் நகலுக்கு சாட்சிய அதினியம் 63-ன்படி சான்றிதழ் வேண்டும். அடிவாரத்துக் கடை ஒன்றின் கேமராவில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, சான்றிதழ் மட்டும் இல்லை என்றால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பதிவை மறைக்க நினைப்பது உங்கள் வக்கீலாகவே கூட இருக்கலாம்.

படி 9: ஏ1 பேசும் நாள், பிறகு தீர்ப்பு

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313, இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 351. சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. "பொய் சாட்சி" என்று ஒரே பதிலை எல்லாக் கேள்விக்கும் சொல்லச் சொல்லி வக்கீல் தயார் செய்திருப்பார். இத்தனை மாதம் வாய் திறக்காத பையன் கடைசிக் கேள்விக்கு மட்டும் வேறு ஏதோ சொல்கிறான். உங்கள் உச்சக்காட்சியை இங்கே வைக்கலாம்.

சாட்சிகளைக் கேட்ட நீதிபதி தீர்ப்புக்கு முன் மாற்றலாகிப் போவதும் நடக்கும், அடுத்து வருபவர் பதிவான சாட்சியத்தைப் படித்தே தீர்ப்புச் சொல்லலாம். அந்த அம்மாவின் குரல் நடுங்கியது காகிதத்தில் இருக்காது.

கொலையை நேரில் பார்த்தவர் இல்லாமல் சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் நம்பிய வழக்கில் சங்கிலி ஒரு கண்ணி விடாமல் முழுசாக இருக்க வேண்டும் என்பது 1984 சரத் சாரதா தீர்ப்பின் சாரம். வக்கீல் அதில் ஒரு கண்ணியை உடைத்தால் போதும், கொலையாளியைப் பிடித்துத் தர வேண்டியது அவர் வேலை இல்லை. வாசகனுக்கோ யார் செய்தது என்று தெரிந்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் கூண்டில் ஒருவரை அழ வைக்கிறார்கள். அதற்குப் பதில், கோர்ட்டுக்கு வரவே வராத ஒரு காகிதத்தில் விடையை வையுங்கள்: எஸ்டேட்டின் கூலிப் பதிவேடு, அதில் அன்றைக்கு வராத இன்னொரு பெயர், தீர்ப்பு வந்த பிறகு குமாஸ்தா கண்ணில் படுகிறது. தண்டனை என்று முடித்தால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல், மதுரைக் கிளைக்கு இல்லை.

படி 10: எழுதுவதற்கு முன்னும் பின்னும்

கொலை விசாரணை பொதுவாகத் திறந்த கோர்ட்டில்தான் நடக்கிறது, அமைதியாகப் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். செல்போனை அணைத்துவிட்டு ஒரு சாட்சியின் முதல் விசாரணையிலிருந்து குறுக்கு விசாரணை முடியும்வரை உட்காருங்கள், பேசியதை விடக் காத்திருந்ததே அதிகம் என்பது புரியும்.

முதல் பிரதி முடிந்ததும் கதையில் வரும் எல்லா மணியையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: சண்டை, சாவு, பார்த்தது, புகார், ஆம்புலன்ஸ், பிணவறை, மாஜிஸ்திரேட். எங்கே இடிக்கிறதோ அங்கே திருத்துங்கள், அல்லது அந்த இடியையே எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுத்துவிடுங்கள். படித்துப் பார்க்கச் சொல்லி சீனியர் வக்கீலிடம் கொடுத்தால் தன் பழைய வழக்குகளைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மூன்று நாலு வருடம் ப்ராக்டீஸ் செய்யும் ஒரு ஜூனியரிடம் கொடுங்கள், அவர்தான் நகல் மனுவுக்கு ஸ்டாம்பு ஒட்டவில்லை என்பது வரைக்கும் கண்டுபிடிப்பார்.